கேட்டைத் தொட்டுவிட்டு வருவாள்

நேற்றுச் சாயங்காலம் என் மகள் இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லுக்கு அதே பொருள் தரும் வேறு சொற்களை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். நானும் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது அது. ஆளை வேலையை விட்டு அனுப்புவதும் அதுதான். கடமையைச் செய்து முடிப்பதும் அது, கடமையிலிருந்து ஒருவரை விடுவிப்பதும் அது. துப்பாக்கியால் சுடுவதற்கும் அதே சொல். “ஒரே வார்த்தை எப்படிம்மா செய்யிறதாவும் இருக்கும், விடுறதாவும் இருக்கும்?” என்றாள். பிளஸ் டூவில் இங்கிலீஷ் பரீட்சையைத் தட்டுத் தடுமாறித் தாண்டிய என்னிடம் கேட்கிறாள் பாருங்கள். “ஒங்க மிஸ்கிட்டயே கேளு” என்று சொல்லிவிட்டுத் தாளிப்பைக் கவனிக்கத் திரும்பிவிட்டேன்.

ஆனால் கடுகு வெடித்த வாசனையோடு மனசு எங்கோ போய்விட்டது. அத்தனை அர்த்தங்களுக்கும் அடியில் கிடந்த ஒன்றுதான் எனக்கு முதலில் தெரிந்தது. அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அம்மா.

அம்மா சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் உடம்பிலும் துணியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறியிருக்கிற கரண்ட் அப்படியே பூமிக்குள் இறங்கிவிடுமாம். அது இறங்காமல் விரல் நுனியில் ஒரு சின்னப் பொறி தட்டினால் போதும், மருந்துக்கு வேறெதுவும் வேண்டாம். அதனால் நைலான் சேலை கூடாது, தலையில் ஊசி கூடாது, செருப்பு கூடாது. தகட்டைத் தொடுவதற்கு அங்கே பெயர் ‘டிச்சார்ஜ் பண்றது’. துப்பாக்கி வெடிப்பதற்கும் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதற்கும் ஒரே சொல்லைக் கொடுத்தவன் யாரோ தெரியவில்லை. அம்மாவுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும்.

அந்தக் கை வீட்டுக்கும் அப்படியே வந்தது. சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் அம்மா வருவாள், எங்கள் வீட்டு இரும்பு கேட்டில் உள்ளங்கையை வைப்பாள், ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பாள், பிறகுதான் உள்ளே வருவாள். கேட்டில் அந்த இடத்தில் மட்டும் பச்சைப் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருக்கும். இருக்கன்குடியில் சாமி கும்பிடப் போனால், வரிசைக்குக் கட்டியிருக்கிற கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் குங்குமத்துக்குக் கை நீட்டுவாள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் தட்டை வாங்கினாள். எனக்கு மானம் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே, “நீங்களும் கம்பெனிக்குத்தான் போறீகளா?” என்று கேட்டார். சம்பந்தம் முடிந்தது அந்தக் கம்பியால்தான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார்.

இதெல்லாம் கல்யாணப் பேச்சு. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தி. அப்போது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். வடிவமைப்பு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பழைய லேபிளில் மயில் இருந்த இடத்தில் கிளியை வைக்கிற வேலை. சீசன் நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது.

எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மிஷின் நின்றுவிடும். எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறி, புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அன்றைக்குக் கிழக்கே எழும்பியது.

“சாத்தூர் ரோட்டுப் பக்கம்தான்” என்றார் எங்கள் முதலாளி அண்ணாச்சி. பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏம்மா, ஒங்க அம்மா அங்கனதான?”

போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். வேலை நேரத்தில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தினமும் அது சுவிட்ச் ஆஃப்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் குரலை எத்தனை முறை கேட்டேனோ. அரை நாள் லீவு கேட்டால் ஆயிரம் காரணம் கேட்கிற அண்ணாச்சி, உடனே பைக்கை எடுத்தார். “ஏறும்மா.”

கம்பெனிக்குத் திரும்புகிற விலக்கிலேயே போலீஸ் மறித்துவிட்டது. ஒரு டீக்கடை ஓரம் ஏகப்பட்ட பேர் நின்றிருந்தார்கள். ஆம்புலன்ஸ் போகும்போதெல்லாம் கூட்டம் முழுக்க அதன் கண்ணாடியையே பார்த்தது. ஒருவர் அம்மாவின் கம்பெனி என்றார், இன்னொருவர் அதை அடுத்த கம்பெனி என்றார். அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த டீயை நான் கையில் வைத்தபடியே ஆறவிட்டேன். காலையில் அம்மாவிடம் என்ன பேசினேன் என்று யோசித்தேன். சட்னியில் உப்பு இல்லை என்று சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை.

பிறகு அந்த வேன் வந்தது. அம்மாவின் கம்பெனி வேன். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், அவரவர் ஆட்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். “எங்க கம்பெனி இல்ல தாயி, பக்கத்துக் கம்பெனி. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாக” என்று யாரோ சொன்னார்கள். அம்மா வரவில்லை. எப்போதும் கடைசி சீட்டில் உட்காருகிறவள் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தால்தானே!

கடைசியாக இறங்கினாள். கையெல்லாம் வெள்ளி நிறத்தில் அலுமினியப் பவுடர். முகத்திலும் ஒரு கோடு. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

“இரு புள்ள!”

திரும்பி, வேன் கதவுக் கம்பியில் உள்ளங்கையை வைத்தாள். ஒரு மூச்சு விடும் நேரம். அதற்குப் பிறகுதான் என்னை இழுத்து அணைத்தாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை, பிள்ளை பெற்றபோதுகூட. “சத்தமாச் சிரிக்காதட்டி” என்று அம்மா காதோடு சொன்னாள். “அங்கன பாரு.” டீக்கடை ஓரத்தில் பாதிப் பேர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வர வேண்டிய வேன் வரவில்லை. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு பைக் பக்கம் நடந்தோம். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துவிட்டு, “கிளி லேபிள நாளைக்குப் பாத்துக்கலாம்மா” என்றார்.

அம்மா அதற்குப் பிறகும் சில வருஷம் அதே வேலைக்குப் போனாள். போகாமல் வேறென்ன செய்வது? என் கல்யாணம் முடிந்து, முழங்கால் வலி முற்றி, என்னோடு வந்து இருந்த பிறகுதான் நின்றாள். வேலை நின்றும் கேட்டைத் தொடுவது நிற்கவில்லை, இந்த வீட்டுப் பச்சைக் கேட்டிலும் ஓர் இடம் பளபளத்துவிட்டது. எப்போது நின்றது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. போன பொங்கலுக்குக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். அந்தப் பளபளத்த இடமும் பச்சையாகிவிட்டது, இன்றுவரை பச்சையாகவே இருக்கிறது.

இப்போதும் சில நாள் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. பழக்கத்தில் மாடிப்படிக்கு ஓடுவேன். முதல் படியில் கால் வைக்கும்போதே உள் அறையைத் திரும்பிப் பார்த்துவிடுவேன். அம்மா கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள்.

நேற்று நான் தாளித்து முடிப்பதற்குள், கடைக்குப் போயிருந்த அம்மா வந்துவிட்டாள். “ஆச்சி, ஒனக்குத் தெரியுமா இந்த வார்த்தை?” என்று என் மகள் புத்தகத்தோடு வாசலுக்கு ஓடினாள். அம்மா தோளால் கேட்டைத் தள்ளித் திறந்து, பையை அப்படியே கீழே போட்டுவிட்டு, எதையும் தொடாமல், நேராக வந்து பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.