நாற்பதாவது வெள்ளிக்காசு

என் நாத்தனாருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் முக்கால். காதுபடவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். வயதில் என்னைவிட மூத்தவள், நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அவள் இவள் என்று எழுதுகிறேன். படித்தாளென்றால் நான் தொலைந்தேன். ஆனால் சந்தோஷம் தலைக்கேறிக் கிடக்கிற நேரத்தில் மரியாதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பது!

பழைய நாணயக் கடையில் அவளுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. சேகரிக்கிறவர்கள் வெள்ளிக்காசு கொண்டுவந்தால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சீட்டெழுதிக் கையெழுத்துப் போடுவாள். கால், அரை, முக்கால், முழு. அந்தக் கடையில் இந்த நாலே தரம்தான். தேய்ந்து முகம் தெரியாமல் போனது கால். அச்சடித்த அன்றைக்கு இருந்தது போலவே இன்றைக்கும் இருந்தால் முழு. காசை யாராவது துலக்கிப் பளபளப்பாக்கியிருந்தால் பேச்சே கிடையாது, நேரே கால்தான். இத்தனை வருடத்தில் ஒரு காசுக்கும் அவள் முழு கொடுத்ததில்லை. அதனால்தான் அவள் சீட்டென்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதான். நான் காபி கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "அரைக்குக் கொஞ்சம் மேல," என்பாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. அந்தக் காலத்தில் வந்த வரன்களையும் இப்படித்தான் தரம் பிரித்தாளாம். முன்நெற்றி ஏறிய ஒருத்தரை, "விளிம்பு தேஞ்சிருக்கு" என்று திருப்பி அனுப்பினாளாம். நாற்பத்தேழு வயதாகியும் தனியாள்.

அப்பேர்ப்பட்டவள் போன வருடம் திடீரென்று சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டு தடவை தலைவாரத் தொடங்கினாள். எனக்கா தெரியாது? மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போனேன்.

ஜன்னலோரம் அவள் மேஜை. பச்சைத் துணி விரித்து, இடது பக்கம் ஒரு விளக்கு. எதிரே முக்குக்கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் முன்னால் நாலாக மடித்த கைக்குட்டை, அதன் நடுவில் ஒரே ஒரு காசு. அவள் அதை விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து எடுத்தாள். விளக்கடியில் மெல்லச் சாய்த்தாள். நல்ல காசென்றால் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காதாம், சாய்க்கச் சாய்க்க வட்டமாய்ச் சுற்றி ஓடுமாம். பிறகு லென்ஸ். காசில் பொறித்திருக்கும் ராஜாவின் புருவம்தான் மேடான இடம், தேய்மானம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

"புருவம் போயிடுச்சு," என்றாள்.

"வயசாகுதுல்ல," என்றார் அவர்.

"ராஜாவுக்கா?"

"எனக்கும்தான்."

அவள் சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை.

கடை முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அவரோட அப்பா சேர்த்து வச்சது மொத்தமே நாற்பது காசும்மா. ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்தா ஒரு மணி நேர வேலை. இந்த மனுஷன் வாரத்துக்கு ஒண்ணா கொண்டுட்டு வர்றாரு. இது பதினேழு."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்க அக்காவா? போடி, உனக்கு வேற வேலை இல்ல," என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

முப்பத்தெட்டாவது காசு முடிந்த அன்று அவளே அடுப்படிக்கு வந்து நின்றாள். கரண்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"இன்னும் ரெண்டுதான்டி இருக்கு."

"எதுக்குக்கா?"

"நடிக்காத. அதுவும் முடிஞ்சா அவரு எதுக்குடி வருவாரு?"

நான் காபி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அதற்குத் தரம்கூடச் சொல்லவில்லை.

நாற்பதாவது சனிக்கிழமை. அவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. "முழு கொடுத்துட்டேன்டி!" என்றாள். "வெள்ளைவெளேர்னு இருந்துச்சு. கொடுக்கும்போது அவருக்குக் கை நடுங்கிச்சு. எனக்கும் நடுங்கிச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து கீழ போட்டிருப்போம்!" முதலாளி அந்தக் காசை அவரிடம் இரண்டு நாள் இரவல் கேட்டு வாங்கி, சீட்டோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாராம். முக்கால் முழு கொடுத்துவிட்டாள் என்று ஊரே பேசியது. அன்று என் காபியும் முழு! நிஜத்தில் அதில் சர்க்கரை போட மறந்திருந்தேன். இவளுக்கு நாக்கு போய்விட்டது, கண்ணும் போயிருக்குமோ என்று எனக்கு அப்போதே திக்கென்றது.

திங்கட்கிழமை காலையில் அவள் ஜன்னல் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் தேய்தேய் என்று தேய்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர். வெயில் அதன்மேல் பட்டது. சாய்த்தாள். இன்னொரு தடவை சாய்த்தாள். நார் போட்டுத் தேய்த்த கோடுகள் மயிரிழை மயிரிழையாய் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தக் காசுலயும் இப்படித்தான், வெளிச்சம் சுத்தவே இல்லடி. நின்னுச்சு. நான் அவரு கையையே பார்த்துட்டு இருந்துட்டேன்."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பெட்டியைத் திறக்கச் சொல்லி, லென்ஸ் வைத்துப் பார்த்து, எல்லோர் முன்னாலும் சீட்டில் முழுவை அடித்துக் கால் என்று எழுதினாள். கீழே, "என் தவறு" என்று கையெழுத்து. பிறகு வாட்ச்காரரை வரச் சொன்னாள்.

"இதைத் துலக்கினீங்களா?"

"வாட்ச் சக்கரம் கழுவுற மருந்துல போட்டு, பிரஷ் வச்சு லேசா..." அவர் அசடு வழியச் சிரித்தார். "கடைசிக் காசாச்சே. உங்க கையில அழுக்கா கொடுக்க மனசு வரல."

"கெடுத்துட்டீங்க. நாற்பதுல இது ஒண்ணுதான் முழுவுக்குத் தேறியிருக்கும். இனிமே திரும்பி வராது." சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கலங்கியது, ஆனால் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

அவர் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. காசைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க மேடம்," என்று இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. என் நாத்தனார் யாருக்கும் எந்தத் தரமும் சொல்லாமல் போட்டதைச் சாப்பிட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் திணித்தேன்.

"ஓடலன்னு சொல்லிக் கொண்டு போங்கக்கா."

"நல்லாத்தானே ஓடுது?"

"பேட்டரியைக் கழட்டிட்டா ஓடாது!"

கடிகாரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "பொய்ச்சீட்டு ஒண்ணு எழுதினது போதும்டி," என்று சொல்லிவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இந்த வேடிக்கையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க நான் என்ன மரக்கட்டையா? கடிகாரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்தொடர்ந்தேன்.

முக்குக்கடையில் அவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒரு வாட்ச்சின் வயிற்றுக்குள் குனிந்திருந்தார். நிமிரவேயில்லை.

"என்ன ரிப்பேர்?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் என் நாத்தனார். "உங்களைப் பார்க்க வந்தேன்."

அவர் விருட்டென்று எழுந்தார். லென்ஸ் கழன்று டீ கிளாசுக்குள் விழுந்தது. மேஜை விளிம்பிலிருந்த திருகாணிகள் கலகலவென்று தரையெல்லாம் உருண்டோடின. அவர் எதையும் குனிந்து பொறுக்கவில்லை.

"இதைச் சொல்லத் தைரியம் இல்லாமத்தான் நான் நாற்பது வாரம் ஒவ்வொரு காசா தூக்கிட்டு வந்தேன்," என்றார். "நீங்க வெறுங்கையோட வந்துட்டீங்களே!"

எதிர்க்கடை வாசலில் நின்று நான் கேவிக் கேவி அழுதேன். கடைக்காரர் பதறிப்போய், என்னம்மா, கடிகாரம் உடைஞ்சிடுச்சா என்று கேட்டார்.