தங்கமீனுக்கு நல்ல தண்ணீர்

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடும் இடத்தில் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பி வருகிற ஆள். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் பொன்னேரியில் ஒரு வண்ணமீன் கடையில் என் மகளோடு நின்றபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அங்கேயே வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வராததால் எழுதுகிறேன்.

வீட்டில் மீன் வளர்க்க அவசியமான சாமான்கள் என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார். காற்று மோட்டார், ஃபில்டர், விளக்கு, தண்ணீரின் சூட்டைப் பார்க்கிற கருவி, அழுக்கை உறிஞ்சும் குழாய், கையளவு வலை, தண்ணீரில் ஊற்றும் நீல மருந்து. கடைசியில், "வாரத்துக்கு ஒருவாட்டி கால்வாசித் தண்ணிய எடுத்துக் கீழ ஊத்திட்டுப் புதுசா ஊத்துங்க, அவ்ளோதாம்மா" என்றார்.

அவ்வளவுதானாம். இதே வார்த்தையை நான் முதலில் கேட்டது என் மாமாவிடம்.

எங்கள் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல் தண்ணீர் ஏறுகிற ஏரி. அம்மாவின் தம்பிக்குக் கடல் என்றால் பயம். பட்டணத்துக்குப் போய் வண்ணமீன் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குப்பத்தில் இல்லை. நான் நாலாவது படித்தபோது, ஒரு கண்ணாடித் தொட்டியைப் பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டு வந்தார். பிளாஸ்டிக் பையில் இரண்டு தங்கமீன்கள், இன்னொரு பையில் மோட்டார், குட்டி வலை, குழாய், சூடு பார்க்கும் கருவி. "இது பாப்பாவுக்கு" என்றார். அண்ணனிடமிருந்து கழிந்து வராமல் நேராக எனக்கே வந்த முதல் பொருள் அதுதான்.

ஊரே வந்து பார்த்தது. என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, அந்தக் குட்டி வலையை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு, "இன்னா மச்சான், இத எந்தப் படகுல ஏத்தறது?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மோட்டார்மேல்தான் கண். "மீனுக்குக் காத்தடிக்க மிஷினா? அப்ப ஏரியில கெடக்கறதுக்கெல்லாம் யாரு போய் ஊதறா?"

 எதை எங்கே பொருத்துவது என்று மாமா எனக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றார். அடுப்படியில் இருந்த குடங்களை எடுத்து வந்து வரிசையாகத் தொட்டியில் கவிழ்த்தார். தங்கமீனுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம். அம்மா தம்பியைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், காலிக் குடங்களை இடுப்பில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மாமா பஸ் ஏறியதும் கொள்ளை ஆரம்பித்தது. கேனிலிருந்து டீசல் இழுக்க வசதி என்று குழாயை நைனா எடுத்துக்கொண்டார். கூனி இறால் அலச அளவாக இருக்கிறதென்று வலையை அம்மா எடுத்துக்கொண்டாள். சூடு பார்க்கும் கருவி பக்கத்து வீட்டுக் குழந்தையின் அக்குளுக்குப் போனது. கேட்டால், "மீன் இன்னா காய்ச்சல்னு சொல்லிச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா திருப்பிக் கேட்டாள். மோட்டார் மட்டும் மிஞ்சியது. கரண்டும் பாதி நேரம் இல்லை. என் பொருளுக்கு நான் ஒருத்திதான் காவல். யாரிடம் போய் நியாயம் கேட்பது?

தண்ணீர் கலங்கியது. மாமா சொன்னபடி கால்வாசியை மொண்டு வாசலில் ஊற்றினேன். குடத்தைத் தொட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிக்கற தண்ணிய வாசல்ல கொட்டறியாடி?"

"மாமாதான் சொல்லிச்சு."

"அவன் சொல்லுவான், பைப்பத் தொறந்தா ஊத்தற ஊர்ல இருந்துக்கினு. நீ இஸ்கூலுக்குக் கெளம்பு, நான் மாத்தறேன்."

மாற்றினாள். கரையோரத்துத் தண்ணீர் சேறாக இருக்குமென்று ஏரியில் இடுப்பளவு இறங்கி, தெளிந்த தண்ணீராகப் பார்த்து மொண்டு வந்து தொட்டி நிறைய ஊற்றினாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது இரண்டு மீன்களும் பக்கவாட்டில் மிதந்தன. நைனா ஒன்றைத் தூக்கிச் செவுளைப் புரட்டிப் பார்த்தார். ஏரித் தண்ணீரில் மீன் செத்ததை அவரால் நம்ப முடியவில்லை. உப்பு ஒத்துக்கொள்ளாத மீனும் உண்டென்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?

பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "வெளியில சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க" என்றாள்.

நான் கத்தின கத்தலுக்குப் பயந்து நைனா ஏரிக்குப் போய் இரண்டு மடவைக் குஞ்சுகளை உயிரோடு கொண்டு வந்து விட்டார். அவை மோட்டாரும் மருந்தும் இல்லாமல் ஜோராக நீந்தின. அது இன்னும் அவமானமாக இருந்தது. "இது மீனில்ல, கொழம்பு!" என்று அழுதேன். நைனாவே சிரித்துவிட்டார்.

குடத்தில் தண்ணீர் இருக்கும் என்பது மட்டுமே அந்த வயதில் எனக்குத் தெரியும். சவுக்குத் தோப்புக்கு அப்பால் மணலைத் தோண்டிய குழியில் அது சொட்டுச் சொட்டாக ஊறும். பெண்கள் மண்டியிட்டு, கொட்டாங்கச்சியால் மணல் கலங்காமல் மொள்ள வேண்டும். வெயில் காலத்தில் ஒரு குடம் நிறைவதற்குள் முட்டி மரத்துப்போகும். நான் வயதுக்கு வந்து குடம் தூக்கிய பிறகு தெரிந்துகொண்டது இது. கடைக்காரர் மேசைமேல் அடுக்கிய சாமான்களில் தண்ணீர் இல்லை. அது தானாக வந்துவிடும் என்று அவருக்கும் நினைப்பு.

தங்கமீன்கள் செத்த அன்று பொழுது சாயும்போது அம்மா ஊற்றிலிருந்து வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். முழங்கைவரை ஈர மணல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"மண்ணுக் கையோட அதத் தொடாத!" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் நைனா மடவைக் குஞ்சுகளை ஏரியில் விட்டார். அம்மா தொட்டியைச் சாம்பல் போட்டுக் கழுவி, அதில் குடிதண்ணீர் ஊற்றி, மேலே தாம்பாளத்தை வைத்து மூடினாள்.