குந்து

எங்கள் முக்காலிக்குக் 'குந்து' என்று பேர் வைத்தது நான்தான். அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, என் மேலேயே.

நானும் என்னோடு டிசைன் படித்த தோஸ்தும் திருவொற்றியூரில் ஒரு ஷெட் பிடித்து, துறைமுகத்தில் கழித்துப் போடும் பலகைகளில் சாமான் செய்துகொண்டிருந்தோம். நிமிர்த்தினால் துணி காயப்போடும் கொடியாகிற மேசை, சுவரோடு மடங்கிவிடுகிற கட்டில். எட்டுக்குப் பத்து வீட்டில் வளர்ந்தவனுக்கு இதற்கெல்லாம் பெரிய மூளை வேண்டியதில்லை.

அம்மா காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள். தரையில் ஒரு பலகைத் துண்டைப் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி தேய்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரியின் தோளைப் பிடித்தால்தான் எழ முடியும். குந்து அவளுக்காகச் செய்தது. காலை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி டேப் வைத்து அளந்தபோது, "இன்னா நைனா, எனுக்கு சவப்பொட்டியா செய்யப் போற?" என்று கேட்டாள். முன்பக்கம் லேசாகச் சரிந்த இருக்கை, அடியில் கத்தி செருக ஒரு சந்து. ஒரு வாரம் அதில் உட்கார்ந்து வெட்டினாள். யார் தோளையும் பிடிக்காமல் எழுந்தாள்.

அப்போதுதான் நகரத்தின் தெற்கே ஒரு கண்காட்சிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். இன்னொன்று செய்ய நேரமில்லை. நாலே நாள் என்று சொல்லி அம்மாவிடமிருந்து அதையே வாங்கிக்கொண்டு போனோம். மீன் வாடை போக எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவியதும் நான்தான். மேடையில் வைத்து, அட்டையில் 'குந்து' என்று பெரிதாக எழுதினோம். வந்தவர்கள் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி நாள் அம்மா வந்தாள், இரண்டு பஸ் மாறி. எங்கள் சாமானைத் தன் கடையில் வைக்க வந்திருந்த ஒரு பெரிய மனிதரிடம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அம்மா நேராகத் தன் முக்காலியிடம் போய், புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். தொடக் கூடாது என்று எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியாது. பெரிய மனிதர் முகம் சுளித்தார். தோஸ்து என்னைப் பார்த்தான்.

"அதுல உட்காராதீங்கம்மா," என்றேன்.

பிறந்ததிலிருந்து அவளை நான் 'நீங்க' என்றதில்லை. யாரோ ஒரு பொம்பளையிடம் சொல்வதுபோல அத்தனை மரியாதையாக வந்தது. கேடுகெட்ட மரியாதை.

பாதி குனிந்தபடியே திரும்பினாள். "என்னாண்டயா பேசுற நைனா?"

நான் பெரிய மனிதர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சுவரைப் பிடித்து நிமிர்ந்து, வெளியே போய்விட்டாள்.

மறுநாள் குந்தைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன். அவள் பழைய பலகையில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வைத்து, "குந்தும்மா" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"நீங்க குந்துங்க," என்றாள்.