திருவிருந்தில் எனக்கு ஒரு தனிக் கிளாஸ்

முதல் தடவை இரத்தம் வந்தது பாடிக்கொண்டிருந்தபோது. ஈஸ்டருக்கு முந்தைய வாரம், பாடகர் குழுப் பயிற்சி. மேல் ஸ்தாயியில் ஓர் அடியை இழுத்துப் பிடிக்கையில் தொண்டைக்குள் வெதுவெதுப்பாக ஏதோ ஏறியது. இருமினேன். கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கறை. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த அடியைப் பாடினேன்.

காசநோய் வார்டில் படுத்திருப்பவர்களுக்கும், அங்கிருந்து வீடு திரும்பி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. மலாக்காவில், காஜா பெராங்கில், வாடகை வீடு. கணவர் சாமுவேல் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் தமிழ்ச் சபையின் மூப்பர்களில் வயதில் இளையவர். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. சபையில் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஜெபக்கூட்டம் எல்லாவற்றிலும் இருந்தேன். விசுவாசம் என்றால் எனக்கு ஆலயத்துக்குப் போய்க்கொண்டே இருப்பதுதான். இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் அவசியம் வந்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் இளைஞர், யாழ்ப்பாணத்துப் பேச்சின் சாயல் இருந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எவ்வளவு நாளா இருமல்?"

"மழைக் காலத்திலிருந்து, டாக்டர்."

"அப்பவே வந்திருக்க வேணும். இங்க பாருங்கோ, வலது பக்கம் மேல. இது குழி."

வெள்ளையாகப் படர்ந்த புகைக்கு நடுவே கருப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. சளிப் பரிசோதனையிலும் (சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, கிருமி தெரிகிறதா என்று பார்ப்பது) கிருமி இருந்தது.

"செத்துப் போவேனா?" என்று கேட்டேன்.

"முந்தின காலம் இல்லை இது. மருந்து இருக்கு. ஆனா மாசக்கணக்கில் படுக்க வேணும். பொறுமை இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னேன். கிறிஸ்தவப் பெண் வேறென்ன சொல்வாள்?

காசநோய் வார்டு மற்ற வார்டுகளிலிருந்து தள்ளி, மதில் ஓரமாக இருந்தது. நீண்ட வராந்தா, வரிசையாகக் கட்டில்கள், எந்த மழையிலும் சாத்தாத ஜன்னல்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் மூடி போட்ட எச்சில் குவளை. தினமும் காலையில் ஸ்ட்ரெப்டோமைசின் (இடுப்புத் தசையில் போடும் ஊசி, கிருமியைக் கொல்லும், சிலருக்குக் காதின் நரம்பையும் தொட்டுவிடும்). பிறகு கை நிறைய மாத்திரைகள். விழுங்கியதும் வயிறு எரியும், குமட்டும். அதற்கு மேல் அரைவேக்காட்டு முட்டையைச் சாப்பிடச் சொல்வார்கள். உடம்பு தேற வேண்டுமாம்.

முதல் வாரம் போதகர் வந்தார். வராந்தாப் படியில் நின்றுகொண்டார். மூக்கில் கைக்குட்டை. என் கட்டில் உள்ளே தள்ளி இருந்ததால் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க ஜெபித்தார். "சபை முழுக்க உங்களுக்காக மன்றாடுது, சகோதரி" என்றார். நான் அழுதேன், சந்தோஷத்தில். அவர் மேல்படிக்கு ஏறவில்லை என்பது அன்று என் மனதில் பதியவே இல்லை.

அதற்குப் பிறகு சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அதே கோட்டோடு சாமுவேல் மட்டும் வருவார். "எல்லாரும் விசாரிச்சாங்க" என்பார். யார் யார் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணியை நான் பிபிக் என்றுதான் கூப்பிடுவேன். மலாய்க்காரர்கள் அத்தையை அழைப்பதுபோல. பழைய செட்டிமார் குடியிருப்பான கம்போங் செட்டியைச் சேர்ந்தவள், இந்து, நெற்றியில் விபூதி, பேச்சு முழுக்க மலாய். அவள் ஒருநாள் வார்டின் வாசல்வரை வந்தாள். போதகர் நின்ற இடத்தைவிடத் தூரத்தில் நின்றாள்.

"சேகு, சாயா தாக்குட்" என்றாள். டீச்சர், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் உள்ளே வரமாட்டேன் என்றாள். சொன்னபடி வரவும் இல்லை. ஆனால் நான் அங்கிருந்தவரை அவள் வீட்டுத் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், ஒரு மங்குக் கிண்ணத்தில் நர்ஸ் கைக்கு வந்துகொண்டிருந்தது. கிண்ணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புவாள். அதுவும் பயம்தான். ஆனால் பயத்தைப் பயம் என்றே சொன்னாள். கடவுளின் பெயரை எடுத்து அதன் மேல் போர்த்தவில்லை.

தனியாகவே ஜெபித்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். சில வாரங்கள் முடிந்தது. பிறகு வார்த்தைகள் வற்றிப்போயின. சொன்னதையே சொல்கிறேன், அதுவும் யாருக்கோ ஒப்பிக்கிறேன் என்று தோன்றும்.

பக்கத்துக் கட்டிலில் ரோசா என்றொரு பெண் இருந்தாள். உஜோங் பாசிர் பக்கத்தில் மீனவக் குடும்பம், போர்ச்சுகீசிய வம்சம், கத்தோலிக்கர். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான். ஒரு மாலை அவள் வாய்க்குள் முணுமுணுப்பதைக் கேட்டு, கர்த்தர் கற்பித்த ஜெபம் என்று சந்தத்திலேயே தெரிந்துகொண்டேன். நானும் தமிழில் சேர்ந்துகொண்டேன். அவள் முடிக்கும் இடமும் நான் முடிக்கும் இடமும் ஒன்றாக வராது. முந்தியவள் காத்திருப்பாள். பிறகு இருவரும் சேர்ந்து ஆமென் சொல்வோம். நல்ல நாட்களில் சிரிப்போம்.

ஒரு மத்தியானம் ரோசாவின் கட்டிலைச் சுற்றித் திரை வைத்தார்கள். சாயங்காலம் மெத்தையை வெயில் பட்ட இடத்துக்குத் தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகு என்னால் அந்த ஜெபத்தைப் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. ஜெபிக்க எனக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் காதில் இரைச்சல் ஆரம்பித்தது. கட்டிலை விட்டு இறங்கினால் தரை படகுபோல் ஆடும். டாக்டரிடம் சொன்னேன்.

"ஊசியால வாறது" என்றார். "நிப்பாட்டினா கிருமி திரும்பிடும். குறைச்சுப் போடுறன். ஆனா ஒன்று, போன காது முழுசா வராது. இப்பவே சொல்லிடுறன்."

"பாட முடியுமா, டாக்டர்?"

அவர் கையிலிருந்த எக்ஸ்ரே படத்தை உறைக்குள் போட்டார். "முதல்ல மூச்சு விடுவோம்" என்றார்.

கிருமி போயிற்று. திரும்பத் திரும்பச் சோதித்தும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரிடம் கேட்டேன், ஆலயத்துக்குப் போகலாமா என்று. தாராளமாக என்றார். திருவிருந்தில் திராட்சரசத்தை எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிப்போம், அது பரவாயில்லையா என்றேன்.

"குடிக்கலாம். நீங்க குடிச்ச கிளாஸில நான் குடிப்பன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பள்ளியில் என் வகுப்புக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அதை ஏற்றுக்கொண்டேன். ஆலயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

திருவிருந்து ஞாயிறாகப் பார்த்துப் போனேன். நல்ல புடவை. பேச்சா என்ற மூன்று சக்கர வண்டியை வண்டிக்காரர் மிதிக்க, நானும் சாமுவேலும் உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. ஆலயத்தில் நான் வழக்கமாக உட்காரும் வரிசைக்குப் போனேன். அங்கிருந்த பெண்கள் புன்னகை செய்தார்கள், நலம் விசாரித்தார்கள். விசாரித்தபடியே எழுந்து முன்வரிசைக்குப் போனார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் அந்தப் பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன்.

திருவிருந்து வாங்க முன்னே போய் முழந்தாளிட்டேன். வரிசையாக ஒவ்வொருவர் உதட்டிலும் பாத்திரத்தை வைத்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டு வந்தார் போதகர். எனக்கு இடப்பக்கத்துப் பெண்வரை வந்தது. பிறகு என்னைத் தாண்டி வலப்பக்கத்தவரிடம் போனது. தவறிவிட்டார் என்று நினைத்து முகத்தை நிமிர்த்தினேன். எல்லோருக்கும் முடிந்த பிறகு, ஒரு சிறிய கிளாஸோடு வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து அளக்கும் கிளாஸ், பக்கத்தில் கோடு போட்டது. அதை என் கையில் கொடுத்தார். மற்றவர்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார்.

குடித்தேன். அத்தனை பேர் பார்க்க முழந்தாளிட்டுக்கொண்டு, எப்படிக் குடிக்காமல் இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிளாஸைத் திரும்ப வாங்கியவர் மேசையில் வைக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் தனியாக வைத்தார்.

அன்றோடு நின்றுவிட்டேன்.

மெர்டேக்கா வருடம், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், வந்தது. ஊர் முழுக்க மூங்கில் வளைவும் கொடியுமாக இருந்தது. ஒரு பிற்பகல் போதகர் வீட்டுக்கு வந்தார். சாமுவேல் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. இந்தத் தடவை உள்ளேயே வந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த தேநீரை மட்டும் தொடவில்லை.

"நாட்டுக்காக ஸ்தோத்திர ஆராதனை வைக்கிறோம், எஸ்தரம்மா. பாடகர் குழுவுக்கு உங்க குரல் வேணும்."

"எனக்குச் சரியாக் காது கேக்காது, போதகர் ஐயா. சுதி சேராது."

"சரி, பாட வேணாம். சும்மா வந்து உக்காருங்க. இவ்வளவு நாள் சபைக்கு வராம இருக்கறது ஆத்துமாவுக்கு நல்லதில்ல."

"வீட்டுல ஜெபிக்கறேன். அது ஜெபமில்லையா?"

"தனியா இருக்கற விசுவாசம் காஞ்சு போகும், அம்மா. ஒருத்தரை ஒருத்தர் தாங்கத்தானே சபை?"

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ரோசா போன பிறகு நான் வார்டில் படித்த பாடத்தையே அவர் எனக்குத் திரும்பச் சொன்னார், தேநீரைத் தொடாமல்.

"தாங்க ஆள் தேடினப்போ நீங்க படியில நின்னீங்க" என்றேன். "திரும்பி வந்தப்போ மருந்துக் கிளாஸ் கொடுத்தீங்க."

அவர் முகம் சிவந்தது. "அது நான் எடுத்த முடிவு இல்ல. மூப்பர்கள் கூடிப் பேசினது. கிளாஸை வாங்கிட்டு வந்ததே உங்க வீட்டுக்காரர்தானே? இப்ப எல்லாருக்குமே சின்னச் சின்னக் கிளாஸ் வரவழைச்சிட்டோம். வித்தியாசமே தெரியாது, வாங்க."

அவர் போன பிறகு நான் விளக்கைக்கூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சாமுவேல் வந்து கோட்டைக் கழற்றினார்.

"அந்தக் கிளாஸை நீங்களா வாங்கினீங்க?"

அவர் எந்தக் கிளாஸ் என்று கேட்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்குத் திருவிருந்தே கிடையாதுன்னு சொன்னாங்க, எஸ்தர். ஒரு வருஷம் போகட்டும்னாங்க. தனிக் கிளாஸாவது கொடுங்கன்னு நான்தான் கெஞ்சினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வந்திருக்க மாட்டே."

"வந்திருக்க மாட்டேன்."

"நீ வரணும்னு இருந்துச்சு எனக்கு" என்றார்.

அந்த மனிதரைக் கோபிப்பதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. எனக்காகச் சண்டை போட்டார். ஜெயித்துக்கொண்டு வந்தது அந்தக் கிளாஸ். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஸ்தோத்திர ஆராதனைக்கு நான் போகவில்லை. ஆலயத்துக்குப் போகாமல் ஒருவர் கிறிஸ்தவராக இருக்க முடியுமா என்று, என்னைப் போல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் சிலர் கேட்கிறார்கள். இருக்க முடிகிறது. நன்றாக இருக்க முடியவில்லை. போகலாமா என்று கேட்டால், போங்கள் என்பேன், பெஞ்சில் உங்கள் பக்கத்தில் யாராவது உட்காருவார்களானால். உட்காராவிட்டால் அந்தக் குற்றத்தை உங்கள் தலையில் சுமக்காதீர்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலது நுரையீரலின் மேல்பகுதி வடுவாகிவிட்டது. ஒரு கீர்த்தனையின் ஓரடிக்கு இரண்டு மூச்சு வேண்டும். ஞாயிறு என் வாரத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. அடுத்த சளிப் பரிசோதனை எப்போது என்பதுதான் இப்போது என் காலக்கணக்கு. காதின் நரம்போடு உடம்பின் நிதானமும் போய்விட்டது. கண் பார்த்துக்கொண்டிருக்கும்வரைதான் நிற்பேன். கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவேன். அதனால் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கப் பழகினேன்.

இந்த வருடம் மழை கொட்டிய ஒரு ஞாயிறு, சாமுவேல் ஆலயத்துக்குக் கிளம்பவில்லை. "நான் பிடிச்சுக்கறேன், கண்ணை மூடு" என்றார். அவர் தோளில் கை வைத்து மூடினேன். தரை நழுவியது. அவர் நகரவில்லை. ஏதோ சொல்லி ஜெபித்தார். மழைச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் எனக்கு எட்டவில்லை. என் உள்ளங்கைக்குக் கீழே அவர் தோள் அதிர்ந்துகொண்டிருந்தது. அதிர்வு நின்றதும், முடித்துவிட்டார் என்று ஆமென் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு வெயில் அடித்தது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன்.