அசையாமல் நின்ற புயல்

தூரத்துக் கடலில் மின்னல் வெட்டும்போதெல்லாம் எங்கள் வீட்டு ரேடியோவுக்குள் கடலை வறுபடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். வெளியே வானம் துடைத்துவைத்த பித்தளைத் தட்டுபோல இருக்கும், தென்னை ஓலைகூட அசையாது. பெட்டிக்குள் மட்டும் யாரோ சட்டியில் மணலைச் சூடாக்கிக் கடலையைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருப்பார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தச் சத்தத்துக்கு நடுவே செய்தி கேட்க அப்பா பழகியிருந்தார். நாங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தே செய்தியைத் தெரிந்துகொள்ளப் பழகியிருந்தோம்.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இனயத்துக்கும் கடியப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட கரை என்றால் போதும். திருவிதாங்கூர்க் குடிகளாகப் படுத்து, திரு-கொச்சிக் குடிகளாக எழுந்து, சென்னை ராஜ்ஜியத்தில் சேர்வதற்கு நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்பா மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியர். தக்கலைக்குக் கொடுத்தனுப்பி சார்ஜ் ஏற்றி வாங்கும் பேட்டரியால் ஓடிய அந்த ரேடியோவும், வராந்தாச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த கடல் வரைபடமும் அவருடைய இரண்டு பெருமைகள். இலங்கை, மன்னார் வளைகுடா, குமரிமுனை, அரபிக் கடல் எல்லாம் அதில் உண்டு. புயல் இருக்கும் இடத்தை ரேடியோ அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் சொன்னதும், சிவப்புக் கம்பளி நூல் சுற்றிய குண்டூசியை எடுத்து அப்பா அந்த இடத்தில் குத்துவார். மறுநாள் காலையில் வள்ளக்காரர்களும் மீன் வியாபாரிகளும் வந்து படத்தின் முன் நிற்பார்கள். "சாரே, புயலு எங்க எத்திச்சு?" என்பதுதான் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கேட்கும் காலை வணக்கம்.

அந்தக் குண்டூசி எந்த வழியாக எங்கள் சுவருக்கு வந்தது என்பதை, பிற்பாடு வானிலை ஆபீசில் அதே வேலையைச் செய்து சம்பளம் வாங்கியபோதுதான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன். நடுக்கடலில் போகும் கப்பலின் அதிகாரி காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் பார்த்துக் குறித்து, கம்பியில்லாத் தந்தியில் கரைக்கு அனுப்புவார். கரை அதை ஆபீசுக்கு அனுப்பும். ஆபீசில் ஒருவர் அதைப் படத்தில் ஏற்ற, இன்னொருவர் சரிபார்க்க, மேலே உள்ளவர் பார்த்துத் தலையசைக்க, அது வாசகமாகி வானொலிக்குப் போகும். இத்தனை பேர் தலையசைக்கும்வரை புயல் காத்திருக்காது. எங்கள் வராந்தாவில் நாங்கள் பார்த்தது புயலை அல்ல, புயல் எழுந்துபோன நாற்காலியை. ஆனால் அந்த வயதில் எனக்கும், அந்தப் படிப்பில் அப்பாவுக்கும் அது தோன்றவில்லை.

அந்த வருடம் கார்த்திகையில் அப்பாவின் தங்கை ரூபி அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுடைய கணவர் தாசையன் மாமா கருவாட்டு வியாபாரி. மீனுக்குப் போடும் உப்பை வாங்கத் தூத்துக்குடி போனால், உப்பைத் தோணியில் ஏற்றித் தானும் அதிலேயே குமரிமுனையைச் சுற்றி வருவார். முன்பு ஒருமுறை உப்பை நனையவிட்டு ஆட்கள் சாக்கு சொன்னதிலிருந்து, மூட்டையைவிட்டுப் பிரிவதில்லை என்று பிடிவாதம். அவருக்குத் தோணி ஓட்டும் தண்டல், கடியப்பட்டணத்து சூசை. கை தேர்ந்தவர், அதிகம் பேசாதவர். அந்தமுறை உப்பு மண்டியில் சுமை ஏற நாளாகிறது, ஏறியதும் புறப்படுவோம் என்று மாமாவிடமிருந்து தகவல் வந்திருந்தது. அதே வாரம் இலங்கைக்குத் தென்கிழக்கே அப்பா முதல் குண்டூசியைக் குத்தினார்.

ஊசி நகர்ந்தது. இலங்கையை நோக்கி ஒரு விரல் அகலம், பிறகு இன்னொரு விரல் அகலம். அத்தை சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, சுவரில் தூத்துக்குடிக்கும் ஊசிக்கும் நடுவில் தன் கட்டைவிரலை வைத்து அளப்பாள். அடுத்த நாள் ரேடியோவில் கடலை அதிகமாக வறுபட்டது. அந்தப் பகுதியிலிருந்து கப்பல் தகவல்கள் எதுவும் வரவில்லை, புயல் முன்பு சொன்ன இடத்துக்கு அருகிலேயே இருக்கலாம் என்று செய்தி முடிந்தது. அப்பா ஊசியைத் தொடவில்லை. அறிவிப்பு இல்லாமல் ஊசியை நகர்த்துவது அவருக்குப் பரீட்சையில் காப்பி அடிப்பதற்குச் சமம். மறுநாளும் அதே செய்தி. மறுநாளும் ஊசி அங்கேயே இருந்தது.

வராந்தாவில் உற்சாகம் பிறந்தது. "புயலுக்கு காலு மரத்துப்போச்சு போல சாரே" என்றார் ஒருவர். "சிலோன்ல பெண்ணு பாக்கப் போயிருக்குமோ என்னவோ!" என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர். சிரித்துக்கொண்டே கலைந்தவர்களில் பாதிப் பேர் நேரே கரைக்குப் போய் வலையை வள்ளத்தில் ஏற்றினார்கள். அப்பாவும் படத்தின் முன் கைகட்டி நின்று, வகுப்பில் பேசும் குரலில், கடல்நீர் குளிர்ந்திருந்தால் புயல் நின்ற இடத்திலேயே வலுவிழப்பது உண்டு என்று விளக்கினார்.

அத்தை மட்டும் போகாமல் நின்றாள்.

"அண்ணே, கப்பல்காரன் தகவல் தரல்லண்ணு சொன்னா, அங்க ஒண்ணும் இல்லண்ணு அர்த்தமா?"

"இருந்தா சொல்லமாட்டானா?"

"ஒரு வீட்டுல இருந்து ஒரு வர்த்தமானமும் வரல்லண்ணா, அங்க ஒண்ணும் நடக்கல்லண்ணு சொல்லலாம். பயந்துபோய் அந்தப் பக்கம் ஒருத்தரும் போகல்லண்ணும் சொல்லலாமில்லா?"

அப்பா சிரித்தார். "ஏட்டி ரூபி, இது அயல்வீட்டு வழக்கு இல்ல, பூகோளம்."

அவர் பள்ளிக்குப் போனதும் அத்தை சேலையை மாற்றிக்கொண்டு, தலைவலி என்று பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கிடந்த என்னை எழுப்பினாள். "எணீக்கட்டி. கம்பி அடிக்கப் போணும். தனியா போனா ஊரு ஆயிரம் கேக்கும்." எங்கள் பக்கத்தில் தந்தியைக் "கம்பி" என்போம். கம்பி என்றால் சாவு, அல்லது சாவுக்கு முந்தைய நோயான "தீனம்". மூன்றாவது காரணத்துக்குக் கம்பி அடித்தவரை யாரும் கண்டதில்லை. தபால்காரன் கம்பியோடு தெருவில் நுழைந்தாலே, பிரித்துப் படிக்கும் முன்பே பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்குவார்கள்.

வழியெல்லாம் அத்தை வாய்க்குள் ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். புயல் வருகிறது, புறப்பட வேண்டாம் என்றுதான் அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தபாலாபீஸ் வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "புயலுண்ணு அடிச்சா அவரு சிரிப்பாரு, மக்களே. பெண்ணுக்குப் பயம்ணு சொல்லி, கம்பியை மடக்கி காது குடைவாரு."

போஸ்ட்மாஸ்டர் மலையாளி. பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "ஆருக்காணு தீனம்?" என்று வழக்கப்படி துக்கக் குரலில் கேட்டார்.

"எனக்குத்தான்."

அவர் கண்ணாடியை இறக்கி அத்தையை மேலும் கீழும் பார்த்தார். அவள் மூக்குத்தி மின்ன, வேர்வை வழிய, கல்தூண்போல நின்றாள். "நிங்ஙளுக்கோ?"

"மனைவி தீனம், பஸ்ஸில் உடனே வா. அவ்வளவுதான். பஸ்ஸுண்ணு கட்டாயம் போடணும், சாரே."

கம்பியில் சொல்லப்படுவது உண்மையா என்று விசாரிப்பது தபாலாபீஸின் வேலையல்ல. அந்த விதியைக் கண்டுபிடித்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அன்றைக்கு எங்கள் குடும்பத்துக்கு உறவினர்தான். வாசகம் ஆங்கிலமாகி, கட்டைவிரலின் கீழே டக் டக் என்று போயிற்று. மாமா தோணி ஏறும் முன்பா பின்பா அது அவர் கையில் கிடைக்கும் என்பதைச் சொல்ல விதி எதுவும் இல்லை.

அன்று மாலை கடலின் சத்தம் மாறியது. காற்று இல்லை, ஆனால் அலைகள் நீண்டு, இடைவெளிவிட்டு, கரையை அளந்து பார்ப்பவைபோல வந்து விழுந்தன. போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அப்பா பள்ளியிலிருந்து வந்து, ரேடியோவைத் திருகி, வெறும் வறுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி இலங்கைக்குத் தென்கிழக்கே அசையாமல் நின்றது. அத்தை கம்பி அடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டில் விரல் வைத்தாள்.

மறுநாள் பகலில் காற்று எழுந்தது. மழை சாய்வாக அடிக்க, ஓடுகள் கடகடவென்று நகர, எங்கள் வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. மாமா குடையில்லாமல் இறங்கினார். பின்னாலேயே அவருடைய அம்மா, அவருக்குப் பின்னால் வேதாகமத்தைத் துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு நாகர்கோவில் போதகர். மாமாவின் தோளில் புதிதாக வாங்கிய வெள்ளைத் துணி ஒன்று நனைந்து கிடந்தது. எதற்காக வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. அடுக்களை வாசலில் அத்தை அகப்பையோடு நின்றாள்.

மாமா அவளைத் தொட்டுப் பார்த்தார். நெற்றியில், கையில். பிறகு வெடித்தார்.

"ஏட்டி! உனக்கு பிராந்தா? தூத்துக்குடியில இருந்து அழுதோண்டு வாறேன், பஸ்ஸுல கிடந்தவன் எல்லாம் எனக்கு குடிக்க வெள்ளம் தாறான்!"

"வந்தியளா? அது போரும்" என்றாள் அத்தை. அகப்பை தரையில் விழுந்தது. "சூசையண்ணன் எங்க? தோணி எங்க?"

சூசையிடம் மாமா, பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், நான் ரோட்டு வழி ஓடுகிறேன், மழையில் உப்பு கிடக்க வேண்டாம், நீ எடுத்து வா என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். காத்திருக்கலாமா என்று சூசை கேட்டிருக்கிறார். சாரின் வராந்தாவிலிருந்து போன வர்த்தமானம் கரையோடு கரையாகத் தூத்துக்குடிவரை போய்ச் சேர்ந்திருந்தது: புயல் நின்றுவிட்டது. தோணி முந்தைய நாளே புறப்பட்டுவிட்டது.

அப்போது கூரையில் ஒரு பகுதி பறந்தது. வராந்தாப் படம் ஆணியோடு பிய்ந்து, ஊசியோடு தென்னந்தோப்புக்குள் போயிற்று. நாங்கள் எல்லோரும் நடுவறையில் ஒடுங்கி நின்றோம். போதகர் ஜெபித்தார். மாமா ஜெபிக்கவில்லை, ஒவ்வொரு காற்றுக்கும் தலையைத் தூக்கி, குமரிமுனை இருக்கும் திசையில் உள்ள வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல்கள் ஏன் தகவல் தரவில்லை என்பது இன்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம். புயல் இருக்கும் இடம் தெரிந்ததும் கப்பல்கள் அங்கிருந்து விலகி ஓடிவிடும். அதனால் புயல் வலுத்த இடம் படத்தில் வெறுமையாக இருக்கும். அத்தை எந்த வகுப்புக்கும் போகவில்லை. ஆனால் கம்பி அடித்தபோது அவளும் தன் புருஷனைப் பற்றி மட்டும்தான் நினைத்தாள்.

கரைக்கு ஒரு பாய்மரமும் சில பலகைகளும் வந்தன. சூசையும் அவருடைய ஆட்களும் வரவில்லை. ஊர் ஓய்ந்த பிறகு ஒருநாள், அவருடைய மனைவி திரேசம்மாள் கடியப்பட்டணத்திலிருந்து நடந்தே வந்தாள். அழவில்லை. கொடுத்த மோரைக் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தாள். வராந்தாவில் உட்கார்ந்து, அத்தையைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு தீனம்ணு கம்பி அடிச்சிய. கடலுக்கு தீனம்ணு அடிச்சிருந்தா எங்க ஆளும் எறங்கியிருப்பாரே?"

இறங்கியிருப்பாரா, மாமா சிரித்துக் காது குடைந்திருப்பாரா, யாருக்கும் தெரியாது. அத்தை அதைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகத் திரேசம்மாள் எழுந்து போகும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அப்பா புதிய படம் ஒன்றை வாங்கி மாட்டினார். தகவல் வராத நாட்களில் ஊசியைப் பிடுங்கிவிட்டு, கேட்பவர்களிடம் "தெரியாது" என்றார். தெரியாது என்பதைக் கேட்க எந்த ஊரிலும் கூட்டம் சேராது, வராந்தா காலியாயிற்று.

இப்போது புயலை மேலிருந்து படம் எடுக்கிறார்கள். பிறக்கும் முன்பே பெயர் வைத்துவிடுகிறார்கள். தந்தி ஆபீசுக்கு மூடுவிழா நடந்தாயிற்று. கடியப்பட்டணத்தில் உப்புத் தோணியை நினைவில் வைத்திருப்பவர்கள் என் வயதில் சிலர் இருந்தால் அதிகம். நான் பணியில் இருந்தவரை, மீனவர்களுக்கான எச்சரிக்கை வாசகத்தை எழுதும் முறை எனக்கு வரும்போதெல்லாம், கடைசியில் மாதிரிப் படிவத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்ப்பேன்: அருகில் இருப்பவருக்கும் சொல்லவும். மேலதிகாரிகள் அதை அடிப்பார்கள், வானிலைக்கும் அண்டைவீட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று ஓரத்தில் எழுதுவார்கள். அடுத்தமுறை நான் மறுபடி சேர்ப்பேன். நான் ஓய்வு பெற்ற பின் வந்த எச்சரிக்கைகளைத் தவறாமல் படிக்கிறேன். துல்லியமாக இருக்கின்றன, பிழையே இல்லை. அந்த வரி இல்லை.