இரண்டு வீரர்களுக்கு ஒரே குரல்

"உங்க குரல் வயசான மாதிரி இருக்குன்னு டிவிகாரங்க சொல்லிட்டாங்கம்மா." எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். அது பொய். அப்படி யாரும் சொல்லவில்லை. அவருடைய குரலை நான் யாருக்கும் அனுப்பவே இல்லை.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த சிறிய ஸ்டூடியோவில் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதி, குரல் கொடுப்பவர்களை இயக்கி வந்தேன். எங்களிடம் இருந்தவை மொத்தம் ஐந்து குரல்கள். உலகத்திலுள்ள வீரர்கள், அரக்கர்கள், பேசும் நாய்கள் எல்லாரும் அந்த ஐந்து பேருக்குள் அடக்கம். அவர்களில் ஒருவரான அந்தப் பெண், கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் வருவார். ஒரு தொடரில் இரும்புச் சிறகு முளைத்த பத்து வயதுப் பையன் அவர்தான். இன்னொரு தொடரில் கடலுக்கடியில் படை நடத்தும் ராணியும் அவர்தான். தனித்தனித் தொடர்கள் என்பதால் யார் காதுக்கும் உறுத்தவில்லை.

பிறகு அந்த வீரர்களையெல்லாம் ஓர் அணியாகச் சேர்த்து ஒரு புதிய தொடர் வந்தது. முதல் பகுதியை எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். உடைந்த பாலத்தின் மேல் பையனும் ராணியும் முதன்முறையாகச் சந்தித்து, யார் தலைமை தாங்குவது என்று நான்கு நிமிடம் சண்டை போடுகிறார்கள். ஒலிப்பதிவாளர் சிரிக்க ஆரம்பித்தார்.

"அக்கா, நீங்களே உங்களோட சண்ட போடணும் லா."

"அதுவும் நல்லதுதான். வீட்டுக்காரரு திருப்பிப் பேசவே மாட்டாரு."

பிறகு என்னிடம் திரும்பி, "ரெண்டையும் நானே பண்றேன் சார். ராணி குரல கொஞ்சம் கீழ எறக்கிக்கிறேன். ஒரு வாரம் மட்டும் டைம் குடுங்க," என்றார். ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் வசனம் வாசித்துப் பார்த்தோம். பையனுக்கு நான், "என் சினத்தின் வெம்மையை நீ அறியமாட்டாய்" என்று எழுதியிருந்தேன். அவர் தாளைக் கீழே வைத்தார்.

"சார், பத்து வயசு பையன் இப்படிப் பேசினா வில்லன் அடிக்க மாட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவான். 'கிட்ட வந்து பாரு, சுட்டுடும்'னா போதும் சார்."

மற்ற நால்வரும் ஒலிப்பதிவாளரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். அந்தச் சிரிப்பு உள்ளே கிடந்து அரித்தது. மூன்றாம் நாள் அவரை மாடிப்படிக்கு அழைத்து அந்தப் பொய்யைச் சொன்னேன். பையனை எங்கள் ஐந்து குரல்களில் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தேன். ராணியை அவரிடமே விடுவதுதான் என் எண்ணம். ஆனால் அன்று மாலையே, ராணியும் வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை. முதல் பகுதி ஒளிபரப்பானபோது பையன், "கிட்ட வந்து பாரு, சுட்டுடும்" என்றுதான் சொன்னான். வசனம் என்று என் பெயர் ஓடியது.

சில மாதங்களுக்கு முன்பு பங்சாரில் ஒரு காப்பிக் கடையில் ஒலிப்பதிவாளரைச் சந்தித்தேன். ஸ்டூடியோவை இப்போது அவர்தான் நடத்துகிறார். அந்த முதல் பகுதிக்கு ஒலியைப் புதுப்பித்து மீண்டும் வெளியிடப் போவதாகச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "அந்த அக்கா ஸ்கூல் மைக்லகூட பேசறதில்லையாம் சார். கொரலு போயிடுச்சுன்னு சொல்றாங்களாம்," என்றார்.

அங்கேயே அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? கிள்ளானுக்குப் போங்க."

போனேன். அந்தப் பெண்ணின் கணவர் கேட்டைத் திறந்தார். கூடத்தில் நின்றபடியே, சமாதானம் எதுவும் சேர்க்காமல் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"கோயில்ல பாடக் கூப்பிட்டாக்கூட தொண்ட சரியில்லன்னு சொல்லிட்டு இருந்தேன் சார். எட்டு வருஷம்."

"மன்னிச்சிடுங்கம்மா."

"அதெல்லாம் அப்புறம். அன்னிக்கு சிரிச்சவங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லுங்க. என் குரல் போச்சுன்னுதானே அவங்களும் நெனச்சிட்டு இருக்காங்க. போன்ல இல்ல. நேர்ல."

சொல்லி முடிக்காமல் ஓய்வதில்லை என்று கிளம்பினேன். முழங்கால் வலியோடு காஜாங் போனேன். அங்கே, அன்று சிரித்தவர்களில் ஒருவர் கேட்டுவிட்டு, "சரி, கெளம்புங்க," என்றார். சுங்கை பூலோவில் இருப்பவர், தன் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாமவர் கதவைத் திறக்க இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை திறந்தார்.

கடைசியாக, பையனுக்குக் குரல் கொடுத்த பெண்ணிடம் போனேன். அவர் கேட்டார்: "அப்ப நான் நல்லா பண்றேன்னு குடுக்கலியா சார்?"

அதற்குப் பதில் யோசித்துக்கொண்டு போகவில்லை. "இல்லம்மா. ஆனா நல்லா பண்ணீங்க," என்றேன். இரண்டும் உண்மை. அவர் முகம் மாறவில்லை.

பிறகு ஒலிப்பதிவாளரைச் சம்மதிக்க வைத்தேன். பாலத்துச் சண்டையில் இரண்டு பாத்திரங்களையும் கிள்ளான் பெண்ணே பேசட்டும் என்று ஏற்பாடானது. அவர் வந்தார். முதலில் பையன். நான்கு முறை முயன்றார். நான்காவது முறை நடுவில் நிறுத்தி, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

"பையன் போயிட்டான் சார்," என்றார். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாரம் கொடுத்திருந்தால் அவன் இருந்திருப்பான். அந்த வாரத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

ராணியை ஒரே தடவையில் பேசி முடித்தார். பையனை விட்டுக்கொடுத்து, அந்த இன்னொரு பெண்ணையே வரவழைக்கச் சொன்னார். அடுத்த வாரம் இருவரும் ஒரே மைக்கின் முன் நின்று சண்டை போட்டார்கள். வசனம் என்ற இடத்தில் என் பெயரோடு ராணியாகப் பேசியவரின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள்.

இப்போது அடுத்த பகுதிகளையும் புதுப்பிக்கிறார்கள்; ராணிக்குக் குரல் கொடுக்க அவர் சனிக்கிழமைகளில் வருகிறார். அன்றைக்கு நான் ஸ்டூடியோவில் இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். இருப்பதில்லை. வசனத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். பல வரிகள் அடிக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன. கூடவே ஒரு வார்த்தை நலம் விசாரிப்பும் இருக்காது. அடிக்கப்பட்ட வரிகளை மறுபடி எழுதி அனுப்புகிறேன்.