என்னை விட்டார்கள், என் ரத்தத்தை நிறுத்தினார்கள்

காலை ஏழேகால் மணி. ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் இன்னொரு முறை எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று வீட்டம்மா காபியை நிறுத்தி வைத்திருந்தார். நான் பேப்பரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"சார், போலீஸ் பேசறோம். உங்க ரத்தம் எங்ககிட்ட இருக்குது."

அறுபத்து நான்கு வயதில் ஒரு மனிதன் இந்த மாதிரி ஒரு வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது? கை, கால், மண்டை எல்லாவற்றையும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன். எதுவும் குறையவில்லை.

"எவ்வளவு சார்?" என்றேன். வேறு என்ன கேட்கத் தோன்றும்…

"சின்ன டியூப்ல ரெண்டு. உங்க பேரு, நெம்பர் ஒட்டியிருக்குது. உங்களுதுதானா?"

"பார்க்காம எப்படி சார் சொல்றது?"

"அதுவும் கரெக்ட்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். திண்டிவனத்தில் ஒரு லேப். அங்கிருந்து ஆரோக்கியதாஸ் என்கிற இளைஞர் விடியற்காலையில் வீடு வீடாக வந்து ரத்தம் எடுத்துப் போவார். எங்கள் வீடு மரக்காணம் ரோட்டில், பிரம்மதேசம் தாண்டி இருக்கிறது. அந்த ரோட்டில் புதுச்சேரி சரக்கு கள்ளத்தனமாக வருகிறது என்று போலீஸ் தடுப்பு போட்டிருக்கிறார்கள். தாஸிடம் இருப்பதோ ஒரு ஐஸ் பெட்டி. அவரிடம் பழைய பைக். பைக்கின் முன்பக்கம் கோட்டும் கண்ணாடியும் போட்ட ஒரு தலைவரின் நீல ஸ்டிக்கர். ஆள் நல்ல கறுப்பு. வயது இருபத்தேழு.

நிறுத்தாமல் விடுவார்களா?

அன்று நடந்த விசாரணையை தாஸே எனக்குச் சொன்னார்.

"பெட்டியில இன்னாடான்னு கேட்டாங்க சார். ரத்தம்னேன். யாரு ரத்தம்னாங்க. பதினாலு பேரு ரத்தம்னேன். அவ்ளோதான், வண்டிச் சாவியைப் புடுங்கிட்டாங்க."

பதினாலு பேர் ரத்தத்தோடு ஒருவன் காலங்காத்தாலே எங்கே போகிறான் என்று ஒரு போலீஸ்காரர் யோசிப்பதில் தப்பில்லைதான். அதனால் டியூபில் இருந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டு, ஒவ்வொருவரிடமும் ரத்தத்துக்கு உரிமை கேட்டிருக்கிறார்கள். நான் ஏழாவது ஆளாம். பதினாலாவது ஆள் போனை எடுப்பதற்குள் பெட்டி திறந்தபடி வெயிலில் கிடந்து, ஐஸ் எல்லாம் தண்ணீர். லேபில் எல்லா சாம்பிளும் ரிஜெக்ட். மறுநாள் மறுபடி பட்டினி, மறுபடி ஊசி. அந்த வாரமே இன்னொரு முறையும் இதே கதை.

இரண்டாம் முறை தாஸ் வாசலில் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இன்னொரு தபா கெட்டுச்சின்னா வேலைக்கு வராதேன்னு லேப் மேடம் சொல்லிட்டாங்க சார். நான் ஜல்தியாதான் வர்றேன். அங்க நிக்க வெச்சா நான் இன்னா பண்றது?"

"உங்களை மட்டுமா நிறுத்தறாங்க?"

"முன்னாடி போற கார் போய்க்கினேதான் இருக்குது. என்னைப் பாத்ததும் கை காட்டுறாங்க. எந்த ஊருன்னாரு. கெடார்னேன். கெடார்ல எந்தத் தெருன்னாரு. தெருவைச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் பெட்டியைத் தொறக்கச் சொன்னாரு."

நான் பத்து வருடமாக அதே ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. லைசென்ஸ் எப்போது முடிந்தது என்று பார்க்கவே பயம். ஹெல்மெட் இருக்கிறது… வீட்டில், வெங்காயம் போட்டு வைக்க. என்னை ஒருவரும் நிறுத்தியதில்லை. தெருப் பெயர் கேட்டதில்லை. ஆனால் என் ரத்தத்தை இரண்டு முறை நிறுத்திவிட்டார்கள். என் உடம்புக்குள் ஓடும்போது மரியாதையாக வழிவிட்ட அதே ரத்தம்தான். தாஸ் பெட்டிக்குள் போனதும் சந்தேகப்படும்படி ஆகிவிட்டது.

கோபம் வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தடுப்புக்கே போனேன்.

எஸ்.ஐ. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மோர் வந்தது.

"சார், நான் உங்க பத்தியை ஒரு வாரம்கூட விடமாட்டேன்" என்றார். டென்ட்டுக்குள் ஒரு அட்டையில் பேப்பர் கட்டிங் ஒட்டியிருந்தது. நான் எழுதியது. நாலு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில், செக்கிங் போலீசாரைப் பாராட்டி, 'இவர்களுக்குக் கண்தான் எக்ஸ்ரே' என்று எழுதித் தொலைத்திருந்தேன். அந்த வரியின் கீழே சிவப்பில் கோடு வேறு.

"யாராவது ஏன் சார் என்னை மட்டும் நிறுத்தறீங்கன்னு கேட்டா, இதைத்தான் படிக்கச் சொல்வோம்" என்றார்.

தாஸும் படித்திருப்பாரா? கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

"சார், என் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. என்னைப் பிடியுங்க" என்றேன்.

"மறந்திருப்பீங்க சார். வயசாவுதில்ல."

"லைசென்ஸும் இல்லை."

"ஆன்லைன்ல போட்டா வந்துரும் சார். மோர்ல உப்பு சரியா இருக்குதா?"

சட்டத்தை மீறினேன் என்று நானே ஒப்புக்கொண்டும் என்னால் கைதாக முடியவில்லை. அரசியல் சட்டத்தின் பதினான்காவது பிரிவைச் சொன்னேன். சட்டத்தின் முன் எல்லோரும் சமம். அதை எழுதிக் கொடுத்தவரின் படம் ஒட்டிய வண்டியைத்தான் நீங்கள் தினமும் ஓரங்கட்டுகிறீர்கள் என்றேன்.

எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. பொறுமையாகவே பேசினார். "வர்ற வண்டியெல்லாம் நிறுத்துனா கியூ திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவும் சார். நாங்க அஞ்சு பேரு. பாத்துதான் நிறுத்தணும்."

"எதைப் பார்த்து?"

"பாத்தா தெரியும் சார். போன மாசம்கூட ரெண்டு பேரு மாட்னாங்க."

மாட்டினார்கள்தான். ஆனால் ஒரே மாதிரி ஆட்களை மட்டும் சோதித்தால் மாட்டுகிறவனும் அதே மாதிரிதானே இருப்பான்? திறக்காத கார் டிக்கிகளில் என்ன போனதோ, யாருக்குத் தெரியும்?

"முகத்தைப் பார்க்காதீங்க. பத்தாவதா வர்ற வண்டி எதுவானாலும் நிறுத்துங்க. யாருக்கும் குறை இருக்காது" என்றேன்.

"நீங்க சொன்னா செஞ்சிரலாம் சார்" என்றார் உடனே. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அதே நாற்காலியில் நான். பக்கத்தில் கான்ஸ்டபிள் நோட்டும் பேனாவுமாக எண்ணுகிறார்.

முதல் பத்தாவது வண்டி ஒரு வெள்ளைக் கார், முன்னால் கட்சிக் கொடி. எஸ்.ஐ. நின்று விறைப்பானார். கார் போய்விட்டது.

"அது பத்தாவது" என்றேன்.

"கொடி கட்டுன வண்டி கணக்குல வராது சார். அடுத்ததுதான் பத்து."

அடுத்தது ஸ்கூட்டியில் ஒரு டீச்சர். பெண் போலீஸ் இன்று லீவு, அதனால் கணக்கில் வராது. அதற்கடுத்து கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். குழந்தை அழும், வராது. அதற்கடுத்து கோயிலுக்கு மாலை போட்ட ஒருவர். பாவம் சார். அதற்கடுத்து ஒரு மணல் லாரி, ரோடே அதிர.

"இதையாவது…" என்றேன்.

"அது வேற டிபார்ட்மெண்ட் சார்."

லாரிக்குப் பின்னால், புழுதிக்குள்ளிருந்து, ஐஸ் பெட்டியோடு தாஸ் வந்தார்.

"பத்து" என்றார் கான்ஸ்டபிள். நோட்டில் டிக் அடித்தார்.

நான் எழுந்து கத்தினேன். பதினைந்தாவது வண்டி ஐயா இது என்றேன். தள்ளுபடி போக பத்து என்றார் எஸ்.ஐ. அவர் முகத்தில் ஒரு குற்றவுணர்ச்சியும் இல்லை. சொன்னதைச் செய்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

தாஸ் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் சும்மா சந்தேகத்துல நிறுத்துனாங்க சார். இன்னிக்கி ரூல்ஸ்படி நிறுத்திட்டாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏழரை ஆகிவிட்டது. வெயில் ஏறுகிறது. அவர் வேலை அந்த ஐஸோடு சேர்ந்து உருகிக்கொண்டிருக்கிறது.

"பெட்டியை நான் கொண்டு போகட்டுமா?" என்றேன்.

"நீங்க எடுத்துக்கினு போங்க சார், அதுல இன்னா" என்றார் எஸ்.ஐ. பெட்டியைத் திறக்கவே இல்லை.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில், லைசென்ஸ் இல்லாத ஆள், முன்னே பின்னே தெரியாத பதினொரு பேரின் ரத்தத்தோடு தடுப்பைத் தாண்டினேன். பின்னால் ஒரு சல்யூட். லேபில் பெட்டியைக் கொடுத்தேன். எல்லா சாம்பிளும் ஓகே. அப்பாடா, ஒரு இளைஞனின் வேலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று கடைக்குப் போய் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட். அன்றைக்கு எங்கள் தெருவில் மூன்று வீடு மட்டும்தான். வாசலில் நின்றவர் தாஸ் இல்லை. ஐம்பத்தைந்து வயசுக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. "இனிமே நான்தாங்க" என்றார்.

லேப் மேடத்துக்கு போன் போட்டேன்.

"தாஸ் வேலையில ஒரு கொறையும் சொல்ல முடியாது சார். ஆனா அவரு கொண்டாந்தா பெட்டி நிக்குது, நீங்க கொண்டாந்தா வருது. அன்னிக்கி உங்களைப் பாத்தப்புறம்தான் எனக்கே ஐடியா வந்துச்சு. அதான் பாத்து ஆள் போட்டுட்டேன்."

"எதைப் பார்த்து?"

"பாத்தா தெரியுமே சார்."

வெட்கமாக இருந்தது. அவர் வேலையைக் காப்பாற்றப் போய், அதைப் பறித்தது நான்தான். போலீசுக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். லேபுக்கு முகத்தையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

புதியவர் ஊசியை எடுத்தார். இடது கையில் இரண்டு குத்து. வலது கையில் இரண்டு. ரத்தம் வரவில்லை. என் நரம்பு ஒளிந்துகொள்ளும் ரகமாம். எனக்கே இப்போதுதான் தெரிகிறது. தாஸ் ஒரு நாளும் சொன்னதில்லை, ஒரே குத்துதான்.

கை வீங்கிப் போய் தாஸுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"வலது கை, முட்டிக்குக் கீழ, கொஞ்சம் உள்ளாற தள்ளி இருக்கும் சார். போனை அவருகிட்ட குடுங்க, சொல்றேன்."

"அவர் நாளைக்கு வர்றேன்னு கிளம்பிட்டாரு, தாஸ்."

தாஸ் கேட்டார். "அவரை செக்கிங்ல நிறுத்துறதில்லையா சார்?"

"இல்லை."

"அப்ப சரி சார். சாம்பிள் கெடாது."

அன்று எங்கள் தெருவில் மூன்று பேருக்கும் கை வீங்கியதுதான் மிச்சம்… ஒரு சொட்டு ரத்தம் இல்லாத அந்தப் பெட்டிக்கு, தடுப்பில் சல்யூட் அடித்து வழிவிட்டார்களாம்.